கர்னல் கோயிலுக்குப் போனார்

குடித்துவிட்டு வந்த மனிதனைச் சமாளிக்க நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றலாம், மோரைக் கரைத்துக் கொடுக்கலாம், ஒன்றும் நடக்காவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். குடித்த வான்கோழியை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், கோயில் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அதைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெங்களூரை விட்டு வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பிறந்து வளர்ந்தது ஒக்கலிபுரத்தில், ரயில்வே வீட்டில். வாக்கப்பட்டது அடுகோடியில், பின்னால் கொய்யா மரமும் கிணறும் கோழி, வாத்து, வான்கோழி என்று ஒரு பட்டாளமும் இருந்த வீட்டில். பெண் பார்க்க வந்தபோது என் அம்மா, "கோழி வளக்கறதெல்லாம் எங்க ரெஜினாவுக்குக் கைவந்த கலை" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கோழி, காலண்டரில் இருந்தது. (அதுவும் சேவல்.)

என் மாமியார் செல்வம்மாவுக்கு அந்தப் புளுகு முதல் நாளே புரிந்திருக்கும். நான் முட்டை எடுக்கப் போய், அடைக்கோழியிடம் கொத்து வாங்கிக்கொண்டு, "அத்தே, அது கோவமா இருக்கு" என்று வந்து நின்ற மருமகள். ஆனால் அத்தை அதைப் பொறுத்துக்கொண்டார். அவருக்கு மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போய், தவிட்டுச் சட்டியைத் தூக்கவே முடியாத நிலை. யாராவது ஒருத்தி வேண்டியிருந்தது. அந்த ஒருத்தி நான்.

வான்கோழிக் குஞ்சைப் போல ஒரு மக்கு ஜீவனை ஆண்டவர் படைக்கவில்லை. தீனி மூக்குக்கு முன்னால் இருக்கும், அது பசியில் செத்துப்போகும். தின்ன வேண்டும் என்பதையே அதற்குச் சொல்லித்தர வேண்டும். நான் ஒரு தகரத் தட்டில் அவித்த முட்டையையும் வெங்காயத் தாளையும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, தட்டின் விளிம்பை நகத்தால் "டக் டக் டக்" என்று தட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்னொரு குஞ்சு கொத்துகிறது என்று நினைத்துக்கொண்டு இதுவும் கொத்தும். அப்படி வளர்த்தும் பாதிக் குஞ்சுகள் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தன. பிழைத்துக்கொண்டவற்றில் ஒன்றுதான் கர்னல்.

பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். மார்பை முன்னுக்குத் தள்ளி, வாலை விசிறியாக விரித்து, கழுத்துச் சதையெல்லாம் சிவக்கச் சிவக்க அவன் முற்றத்தில் நடந்ததைப் பார்த்தால் தண்டு என்கிற கன்டோன்மென்ட் மைதானத்தில் பரேடு பார்க்கும் கர்னல்துரையே நேரில் வந்த மாதிரி இருக்கும். அந்தத் துரை வளர்ந்து ஆளான பிறகும், தகரத் தட்டை நான் தட்டினால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவான். "கர்னலுக்கு இவ பியூகிள் ஊதறா பாரு" என்று அத்தை சிரிப்பார்.

எனக்கு அந்தப் பின்கட்டு உயிராகிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். பிறந்த வீட்டில் எனக்கென்று ஒரு சீப்புகூட இருந்ததில்லை. அக்கா தங்கை எல்லாருக்கும் ஒன்றே. இங்கே கொய்யா மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் நான் வைத்ததுதான் சட்டம். வாத்துகள்கூட என்னைக் கண்டால் வரிசையில் நின்றன. (தீனிக்காகத்தான். இருந்தாலும் வரிசை வரிசைதானே.)

இப்படி நான் ஆண்டுகொண்டிருந்தபோது டிசம்பர் பிறந்ததும் அத்தை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ரெஜி, என்னால இனிமே முடியாதும்மா. இந்தக் கிறிஸ்துமஸ் போகட்டும். நீ ஒருத்தியாத் தாங்குவியான்னு பாக்கறேன். இல்லேன்னா சிவாஜிநகர் வியாபாரியை வரச்சொல்லி எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டு, பின்னால ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டுடலாம்."

பரீட்சை எது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பங்குச் சாமியார் வீட்டு விருந்துக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் வான்கோழி போகும். அது என் மாமனார் ஆரம்பித்த வழக்கம். அவர் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வீட்டில் பட்லராக இருந்தவர். நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆனால் துரை வீட்டில் கற்ற ஒரு வித்தையைக் குடும்பத்துக்கு விட்டுவிட்டுப் போனார்: வான்கோழியை அறுப்பதற்கு முன்னால் அதற்குப் பிராந்தி புகட்ட வேண்டும். அப்போதுதான் கறி பஞ்சு மாதிரி வேகுமாம். அந்தக் கறிக்காகவே மற்றப் பங்குகளிலிருந்தும் சாமியார்கள் விருந்துக்கு வருவார்கள் என்று அத்தைக்கு ஒரு பெருமை. அந்த வருஷம் போக வேண்டியது கர்னல்.

எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் கர்னலுக்காக அழுதால் பின்கட்டு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

முந்தின நாள் காலையில் அத்தை கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கக் கோயிலுக்குக் கிளம்பினார். வீட்டுக்காரர் ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார். அத்தை அலமாரியிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"காலுக்கு நடுவுல இடுக்கிப் புடிச்சிக்கோ. வாயைத் திறந்து ரெண்டு ஸ்பூன் ஊத்து. கொஞ்ச நேரம் விட்டு இன்னும் ரெண்டு ஸ்பூன். தலை தொங்கிடுச்சின்னா கூடையில போட்டு மூடி வை. மத்தியானம் சாமியார் வீட்டு குக் வந்து எடுத்துட்டுப் போவான். செய்வியா?"

"இதென்ன அத்தே பிரமாதம்" என்றேன். (அம்மாவின் ரத்தம் என்னிடமும் கொஞ்சம் ஓடுகிறது.)

இடுக்கிப் பிடித்தேன். கர்னலுக்கு நான் வயிறாரப் போட்டு வளர்த்த பலத்தையெல்லாம் அப்போதுதான் நேரில் அனுபவித்தேன். முதல் ஸ்பூன் என் புடவையில் கொட்டியது. இரண்டாவது ஸ்பூன் என் ஜாக்கெட்டில். மூன்றாவதை அவன் இறக்கையால் தட்டிவிட்டதில் அது என் தலைமுடிக்குப் போனது. மொத்தத்தில் கர்னல் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. நான்தான் கமகமவென்று மணந்தேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். ஊற்றினால்தானே குடிக்க மாட்டேன் என்கிறான்? தீனியில் கலந்துவிட்டால்? சட்டி நிறையத் தவிட்டைப் போட்டு, வெல்லத்தைப் பொடித்துத் தூவி, பாட்டிலைக் கவிழ்த்தேன். அளவெல்லாம் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரண்டு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

கர்னல் தின்றான். ரசித்துத் தின்றான். நான் கை அலம்பக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டியைச் சுற்றிப் பட்டாளம் முழுக்க நிற்கிறது. கோழி, சேவல், வாத்து எல்லாம் ஒரே பந்தியில். விரட்டினேன், ஒன்றும் நகரவில்லை. கூவ வாயைத் திறந்த சேவல் பாதியில் மறந்துபோய் என்னைப் பார்த்தது. ஒரு வாத்து நாலு அடி நடந்து, யோசித்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

எல்லாம் சாய்ந்தன, கர்னலைத் தவிர. தலை தொங்கும் என்றார் அத்தை. அவன் தலை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. முகம் நீலமாகி, சிவந்து, மறுபடி நீலமானது. "களகளகளகள!" என்று தெருவே அதிர ஒரு முழக்கம் போட்டான். அதுவரை பின்கட்டுச் சுவரை ஏறிட்டுக்கூடப் பார்க்காதவன், ஒரே தாவில் அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் குதித்து ஓசூர் ரோட்டுக்குப் போய்விட்டான்.

நானும் ஓடினேன். காலில் செருப்பில்லை. தலையில் பிராந்தி. கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. அது பாட்டில் என்பது பாதி ரோட்டில்தான் தெரிந்தது. சரி, தகரத் தட்டுக்குப் பதில் இதைத் தட்டிப் பார்ப்போம் என்று நகத்தால் "டிங் டிங்" என்று தட்டினேன். கர்னல் திரும்பவில்லை. ரோட்டில் போன இரண்டு ஆம்பிளைகள்தான் திரும்பினார்கள்.

தபால் பெட்டி ஒன்று சிவப்பாக நின்றிருந்தது. கர்னல் அதன் எதிரில் வாலை விரித்துச் சண்டைக்கு நின்று, மார்பால் ஒரு இடி இடித்தான். அது பதில் சொல்லாததால் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, இரட்டிப்புக் கர்வத்தோடு மேலே நடந்தான். எதிரே வந்த ஜட்கா வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்து, கர்னலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"க்யா அம்மா, ரெண்டு பேரும் பண்டிகைய இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. கர்னல் கோயில் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீளமான வரிசை. நடுவில் பாட்டுப் பயிற்சி. பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் பரப்பி, பனி மாதிரி பஞ்சு ஒட்டி, குடில் தயாராகிக்கொண்டிருந்தது. என் அத்தைதான் அங்கே மேற்பார்வை. குடிலில் வைக்கும் சிலைகள், எங்கள் பேச்சில் சுரூபங்கள், பிரெஞ்சுச் சாமியார்கள் காலத்தில் கப்பலில் வந்தவை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுப்பார்கள். அவற்றைத் துடைக்கும் உரிமைக்காகவே பங்கில் இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்வதில்லை.

பாட்டுக் குழு உச்ச ஸ்தாயிக்குப் போனது. "களகளகளகள!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. பாட்டு நின்றது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி கர்னல் பதில் கொடுத்தான். பாவசங்கீர்த்தன வரிசை முழுக்க, செய்த பாவத்தை மறந்து திரும்பியது. கோயில்பிள்ளை ஒட்டடைக் கம்போடு முன்னால் வந்தார். கர்னல் அவரைத் துரத்தினான். அவர் பிரசங்க மேடையில் ஏறி நின்றுகொண்டு, அங்கிருந்து கம்பை ஆட்டினார்.

பிறகுதான் கர்னல் குடிலைப் பார்த்தான். அங்கே மூன்று ராஜாக்களில் ஒருவர் சிவப்பு அங்கியோடு மண்டியிட்டிருந்தார். கர்னல் வாலை விரித்தான். இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி ராஜாவை நோக்கி நடந்தான். தபால் பெட்டி இரும்பு, தாங்கியது. இந்த ராஜா களிமண்.

"ஐயோ, சுரூபம்!" என்று யாரோ கத்தினார்கள். அத்தை திரும்பினார். பஞ்சும் கையுமாக நின்ற அத்தையின் கண்ணும், பாட்டிலும் கையுமாக நின்ற என் கண்ணும் சந்தித்துக்கொண்டன. அந்த ஒரு கணத்தில் என் பின்கட்டில் இரண்டு ரூம் கட்டி, சுண்ணாம்பு அடித்து, வாடகைக்கு ஆளும் வந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

பக்கத்து பெஞ்சில் காணிக்கைத் தட்டு இருந்தது. பித்தளைத் தட்டு. யோசிக்கவெல்லாம் இல்லை. பாட்டிலைப் போட்டுவிட்டுத் தட்டை எடுத்தேன். நடுவழியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். விளிம்பை நகத்தால் தட்டினேன்.

டக் டக் டக்.

கர்னலின் கழுத்து நின்றது. ராஜாவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

டக் டக் டக்.

வால் மடிந்தது. திரும்பினான். அந்த நீளமான நடுவழியில், இந்தப் பக்க பெஞ்சில் ஒரு இடி, அந்தப் பக்க பெஞ்சில் ஒரு இடி என்று மோதிக்கொண்டே, முட்டையும் வெங்காயத் தாளும் தின்ன வரும் குஞ்சாக என்னிடம் வந்தான். காலித் தட்டை ஒரு கொத்துக் கொத்தினான். பிறகு தலையை என் மடியில் தொங்கப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். அத்தை சொன்னபடியே தலை தொங்கியது, கொஞ்சம் தாமதமாக.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோயில்பிள்ளையால் முடியாததை, இவ்வளவு ஜனத்தால் முடியாததை, நான் ஒரு நகத்தால் செய்துவிட்டேன். அந்த நிமிஷம் என்னை யாராவது மகாராணி என்று கூப்பிட்டிருந்தால் "என்ன?" என்று கேட்டிருப்பேன்.

ஆனால் முதலில் வாயைத் திறந்தது சுரூபம் துடைக்கும் அம்மாள்களில் ஒருத்தி. மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன செல்வம்மா இது, உன் மருமக மேல சாராய வாடை வீசுது?" என்றாள்.

அத்தை நிமிர்ந்தார். என் அத்தை வீட்டுக்குள் என்னைத் திட்டுவார், வெளியே விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"வழக்கம் தெரியாமப் பேசாதீங்க. பாலன் பொறந்தப்போ பக்கத்துல யார் இருந்தது? நீங்களா, நானா? மாடும் கழுதையுந்தானே? அதனால எங்க வீட்ல வளக்கற ஜீவன்ல ஒண்ணை முந்தின நாள் குடிலுக்குக் கொண்டாந்து காட்டறது வழக்கம். எங்க வீட்டுக்காரர் காலத்துலேருந்து. பிராந்தி, பனிக்கு. மார்கழிக் குளிர்ல வாயில்லா ஜீவனை சும்மாவா கூட்டிட்டு வருவாங்க?"

"இத்தனை வருஷமா நாங்க பாக்கலியே?"

"நீங்க என்னைக்கு நேரத்துக்குக் கோயிலுக்கு வந்தீங்க?"

பாவசங்கீர்த்தனக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பங்குச் சாமியார் வெளியே வந்தார். என்னையும் என் மடியில் குறட்டை விட்ட கர்னலையும் நன்றாகப் பார்த்தார்.

"வருஷம் பூரா நானும் இந்தத் தட்டை நீட்டறேன். ஒருத்தரும் இவ்வளவு ஆசையா ஓடி வந்ததில்லை" என்றார். பிறகு தீர்த்தம் கொண்டுவரச் சொல்லி, தெளித்து, ஆசீர்வாதம் சொல்லி கர்னலை மந்திரித்தார். மந்திரித்து முடித்த பிறகுதான் அவருக்கு மறுநாள் விருந்து ஞாபகம் வந்தது. முகம் வாடிப்போனது.

"செல்வம்மா, மந்திரிச்சதை இனிமே எப்படி...?"

"வாத்து அனுப்பறேன் ஃபாதர்" என்றார் அத்தை.

வெளியே அதே ஜட்காக்காரர் நின்றிருந்தார். (வேறு சவாரி கிடைக்காமல் இல்லை, முடிவைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் போக முடியவில்லை.) அவர் வண்டியிலேயே ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். கர்னல் என் மடியில் கனத்தான். பின்கட்டில் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் தெரிந்துகொண்டார்.

சேவல் கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. கோழிகள் குறுக்காக நடந்தன. வாத்துகள் கொய்யா மரத்தடியில் மல்லாந்து கிடந்தன. நான் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். எல்லாம் போயிற்று, சிவாஜிநகர் வியாபாரிக்குக்கூட இவற்றை விற்க முடியாது என்று நினைத்தேன்.

அத்தை ஒரு வாத்தின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். சட்டியைத் தூக்கி முகர்ந்தார். பிறகு அவர் உடம்பு குலுங்கியது. நான் பயந்துவிட்டேன். சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சனியனே, பிராந்தி ஒண்ணும் வீணாகல. அந்த ரெண்டு கொழுத்த வாத்தை எடுத்துக் கூடையில போடு. குக் வர்ற நேரமாச்சு."

"அத்தே, அப்ப ரூம் கட்டறது...?"

அவர் தகரத் தட்டை எடுத்து என் கையில் வைத்து, வீங்கிப்போன தன் கையால் என் விரல்களை மூடினார்.

"இதுங்க என்கிட்ட பசிச்சாதான் வரும். உன்கிட்ட குடிச்சாக்கூட வருதுங்க. இனிமே உன் பாடு, அதுங்க பாடு."

மறுநாள் விருந்தில் வாத்துக் கறி வாயில் வைத்ததும் கரைந்ததாம். இந்த மாதிரி வாத்தை ஆயுசில் சாப்பிட்டதில்லை என்று வெளிப்பங்குச் சாமியார் ஒருவர் ஆள் அனுப்பிப் பக்குவம் கேட்டார். "பக்குவம் ஒண்ணுமில்ல, பாசமா வளத்தோம்" என்று அத்தை சொல்லியனுப்பினார். கர்னல் மூப்பெய்திச் சாகும் வரை எங்கள் பின்கட்டில் பரேடு பார்த்தான். பிராந்தி வாடை வந்தால் மட்டும் தலையைத் தூக்குவான்.

அத்தை வாயில் வந்ததைச் சொல்லித் தப்பித்துவிட்டாரே தவிர, அடுத்த வருஷம் டிசம்பரில் கோயிலிலிருந்து ஆள் வந்துவிட்டது. "உங்க வழக்கத்துக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கேட்டான். வேறு வழி? வான்கோழியைக் குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டிக் கொண்டுபோனோம். அதற்கடுத்த வருஷம் மற்ற வீட்டுக்காரர்களும் ஆடு, புறா, முயல் என்று கொண்டுவந்தார்கள். அந்த மூக்கைச் சுளித்த அம்மாள்கூட ஒரு கிளியோடு வந்தாள். இன்றைக்கும் நடக்கிறது. பின்கட்டு இன்றைக்கும் என்னுடையதுதான். யார் எங்கள் வீட்டில் பாட்டிலைத் திறந்தாலும், "மொதல்ல கோழிங்கள அடைச்சிட்டு வாங்க" என்று ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் குடிலுக்கு முன்னால் நின்று பிரசங்கம் செய்தார். பிரெஞ்சுக் குருக்கள் அந்தக் காலத்தில் நம் முன்னோருக்குக் கற்பித்த புனிதமான மரபு இது, இதன் ஆழ்ந்த பொருளை இன்று யாரும் அறியவில்லை என்று உருக்கமாகச் சொன்னார். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் முதல் பெஞ்சில், மடியில் வான்கோழியோடு, பக்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"ரெஜி, கோழிங்கள அடைச்சிட்டுத்தானே வந்தே?"